அம்மாவின் தலைக்குள் இருக்கும் கால அட்டவணை

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி மையத்துக்குப் போய்வருகிறது என்று கொண்டால், வல்லுநரின் பார்வையில் அது இருக்கும் நேரம் இரண்டேகால் மணிதான். பள்ளிக்கும் உறக்கத்துக்கும் உரியதைக் கழித்த பின் எஞ்சும் நேரமெல்லாம் பல் தேய்ப்பதும் குளிப்பதும் உண்பதும் உடுத்துவதும் வேனுக்குக் காத்திருப்பதும் வந்த விருந்தாளியை எதிர்கொள்வதுமாக வீட்டிலேயே கழிகிறது. பயிற்சி மையங்களின் கட்டணம், தொலைவு, தரம் ஆகியவற்றைப் பற்றித் தமிழ்நாட்டில் ஓரளவேனும் பேச்சு நடக்கிறது. வீட்டில் கழியும் இந்த நேரம் யாருடைய உழைப்பில் ஓடுகிறது, எந்தக் காலையில் எதனால் அது குலைகிறது, அதைத் தாங்கி நிற்பவருக்கே காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பவை மட்டும் அந்தந்தக் குடும்பத்தின் சொந்தச் சங்கடங்களாக விடப்பட்டுவிட்டன.

மனித மூளைகள் கவனிக்கும் விதத்திலும் புலன்வழிச் செய்திகளை ஏற்கும் விதத்திலும் கற்கும் விதத்திலும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்பதையும், அந்த வேறுபாடுகள் அனைத்தையும் நோயென்று ஒதுக்கத் தேவையில்லை என்பதையும் வலியுறுத்தும் கருத்து நரம்பியல் பன்மை எனப்படுகிறது. 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் நடத்திய உரையாடல்களில் திரண்ட இக்கருத்து, ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் 1998ஆம் ஆண்டு ஆய்வேட்டின் மூலம் கல்விப்புலத்திலும் இடம்பெற்றது. சமூகத் தொடர்பு, மாற்றத்தை ஏற்றல், புலனுணர்வு ஆகியவற்றில் தனித்த போக்குடைய ஆட்டிசம்; கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதிலும் உந்துதலை அடக்குவதிலும் இடர்தரும் ஏ.டி.எச்.டி.; அறிவுத்திறனில் குறையில்லாமல் எழுத்தும் ஒலியும் பொருந்துவதில் மட்டும் தடை ஏற்படுத்தும் டிஸ்லெக்சியா ஆகிய மூன்றும் இவ்வகையில் அடிக்கடி பேசப்படுபவை. பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பார்வை, செவித்திறன் குறைபாடுகளையும் உள்ளடக்கிய ஒன்பது வகை நரம்பியல் வளர்ச்சி நிலைகளில் ஏதேனும் ஒன்றாவது ஏறத்தாழ 12 சதவீதக் குழந்தைகளிடம் இருப்பதாகக் கணித்தது. அப்படியானால் எந்தத் தெருவிலும் இப்படியொரு வீடு இல்லாமலிருப்பது அரிது.

பாட்டி சொன்னதில் இருந்த உண்மை

பேச்சு தாமதமாகும் குழந்தையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது, "இவங்கப்பனும் நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கல, இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்பதாகும். இந்தச் சமாதானத்தால் மருத்துவரிடம் போவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போவதும், கற்பதற்கு ஏற்ற தொடக்கக் காலம் வீணாவதும் மறுக்க முடியாத கேடுகள். ஆயினும் பாட்டியின் கவனிப்பை முழுவதும் தள்ளிவிட அறிவியல் இடம் தரவில்லை. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, ஆட்டிசத்தில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டெனக் காட்டினர். டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த இருபது லட்சம் குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் சார்ந்து மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மரபுக்கூறுகளே விளக்குகின்றன என்றது. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று 2024இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. ஏ.டி.எச்.டி.யும் இதே போன்று குடும்பத்தில் தொடர்ந்து வருவதுதான்.

இதிலிருந்து பெறப்படும் செய்தி எளியதாயினும், மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. ஒரு குழந்தையின் பெயரில் கோப்பு திறக்கப்படும்போது, அதே வீட்டில் சத்தம் தாங்காமல் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்ட தாத்தாவும், மூன்று முறை சாவியைத் தொலைத்த தாயும், ஒரே பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசி அலுவலகத்தில் தனித்துப்போன தந்தையும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் தங்கையும் இருக்கக்கூடும். குழந்தையை மட்டும் நோயாளி நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றியுள்ள பெரியவர்கள் அனைவரும் ஒழுங்கான மூளையோடு கால அட்டவணையைச் செயல்படுத்தக் காத்திருக்கிறார்கள் என்று நம்பி வழங்கப்படும் அறிவுரைகள் பல வீடுகளில் ஒரு வாரம்கூட நிற்காமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

மரபைப் பற்றிய இந்த அறிவு வருவதற்கு முன், பழி முழுவதையும் தாயே சுமந்தாள். 1943இல் பால்டிமோரில் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை மருத்துவ இலக்கியத்தில் பதிவுசெய்த லியோ கானர், பெற்றோரின் உணர்ச்சிக் குளிர்ச்சியையும் குறித்து வைத்தார். அது வளர்ந்து, பாசமற்ற தாயே ஆட்டிசத்துக்குக் காரணம் என்னும் கோட்பாடாகி, சிகாகோவில் பணியாற்றிய புருனோ பெட்டல்ஹைமின் 1967ஆம் ஆண்டு நூலால் பெரும்புகழ் பெற்றது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இலேயே அதை மறுத்து உயிரியல் காரணங்களை முன்வைத்திருந்தும், பழி மறையப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ் வீடுகளில் அது இன்னும் மறையவில்லை. செல்போனைக் கையில் கொடுத்ததால் வந்தது, வேலைக்குப் போனதால் வந்தது, கர்ப்பத்தில் அழுததால் வந்தது என்று உடை மாற்றிக்கொண்டு அதே கோட்பாடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டேதான் அந்தத் தாய் மறுநாள் காலைக்கு மாவு கரைத்து வைக்கிறாள்.

காலை ஆறு முதல் எட்டரை வரை

நாளின் ஒழுங்கு ஆட்டிசம் உள்ளவருக்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று, ஒற்றைத் தடக் கவனம் என்பதாகும். டைனா மரே, வெண்டி லாசன், மைக் லெஸ்ஸர் ஆகியோர் 2005இல் விரிவாக முன்வைத்த இக்கோட்பாட்டின்படி, ஆட்டிசம் உள்ளவரின் கவனம் பலவற்றில் மெலிதாகப் பரவுவதைவிட ஒன்றில் ஆழமாகப் பாய்வதால், அதிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நடுவது அவருக்குத் துன்பம் தருகிறது. அடுத்து வருவது இன்னதென முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பிடுங்கல் சற்று எளிதாகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவரின் சிக்கல் வேறு. ஒரு வேலையைத் தொடங்குவது, இடையில் நிற்கும் படிகளை மனத்தில் வைத்திருப்பது, நேரம் ஓடுவதை உணர்வது ஆகியவற்றை ஒருங்கே குறிக்கும் செயலாட்சித் திறன் அவரிடம் தளர்வாக இருப்பதால், பத்து நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் வேறுபாடு அவருக்கு உள்ளிருந்து தெரிவதில்லை. முன்னவருக்கு ஒழுங்கு ஆறுதலாகவும் பின்னவருக்கு அதே ஒழுங்கு சலிப்பாகவும் அமைய, இருவரும் ஒரே குளியலறையைப் பயன்படுத்தும் வீட்டில் காலை ஏழு மணி எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு 2013இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை இரண்டையும் ஒருவருக்குச் சேர்த்துக் குறிப்பிட இடம் தரவில்லை என்பதால், இந்த உள்மோதல் நெடுங்காலம் பெயரில்லாமலே இருந்தது.

ஒளி, ஒலி, தொடுகை, மணம் ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றென அதே பதிப்புதான் முதன்முறை ஏற்றது. தமிழ்ச் சமையலறை விடிந்ததும் எழுப்பும் ஒலிகளை இந்த நோக்கில் எண்ணிப் பார்க்க வேண்டும். குக்கர் எப்போது விசிலடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிக்ஸி தொடங்கும்போதே உச்சத்தில் தொடங்குகிறது. தாளிக்கும் மிளகாயின் நெடி இரும வைக்கிறது. இவற்றுக்கிடையே யாரோ தொலைக்காட்சியில் பக்திப்பாடலைக் கூட்டி வைக்கிறார்கள். பெரியவர்களின் மூளை பழக்கத்தால் வடிகட்டிவிடும் இவ்வொலிகள் அனைத்தும் வடிகட்டப்படாமல் உள்ளே வரும் குழந்தை, ஏழரை மணிக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று சிக்கியதற்காகத் தரையில் விழுந்து புரளும்போது, "ஒரு பொத்தானுக்கா இவ்வளவு?" என்ற கேள்வி எழுகிறது. பொத்தான் கடைசியில் வந்து சேர்ந்ததுதான். ஆறு மணியிலிருந்தே கணக்கு ஏறிக்கொண்டிருந்தது.

இந்தக் காலையை மாற்றுவதற்குச் செலவு பெரிதாக ஆவதில்லை, யோசனைதான் ஆகிறது. தேங்காய்ச் சட்னியை முந்தைய இரவே அரைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது, மிக்ஸியைப் போடுவதற்கு முன் "மிக்ஸி போடப் போறேன்" என்று ஒரே வாசகத்தை நாள்தோறும் சொல்வது, விரும்பினால் சுவிட்சைக் குழந்தையே அழுத்தும்படி விடுவது ஆகியவை ஒலியைக் குறைக்காவிட்டாலும் அதன் திடீர்த்தன்மையைக் குறைக்கின்றன. புதுச் சீருடையை நான்கைந்து முறை துவைத்து விறைப்பு போன பின் உடுத்துவது, கழுத்துப் பட்டையின் உட்புறத் துணிச்சீட்டை வெட்டி எடுப்பது, காலுறையின் தையல் விரலில் உறுத்தினால் அதைப் புரட்டிப் போடுவது, கார நெடி கொண்ட பற்பசையை மாற்றுவது என ஒவ்வொன்றும் சிறிது. எது உறுத்துகிறது என்பதைப் பேசும் குழந்தையும் பல வேளை சொல்லாது. பசி, தாகம், சிறுநீர் முட்டுதல், வலி முதலியவற்றை உடலுக்குள்ளிருந்து அறியும் உட்புலன் சிலருக்குத் தெளிவாக இயங்குவதில்லை என்பதால், காரணமில்லாத அழுகையாகத் தோன்றுவதற்குப் பின்னே மலச்சிக்கலோ பல்வலியோ இருக்கலாம் என்பதை வீட்டார் முதலில் நினைக்க வேண்டும்.

அடம் என்பதும் உடைவு என்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறானவை. அடம் பிடிக்கும் குழந்தை கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும், பார்ப்பவர் இருக்கிறாரா என்றும் ஓரக்கண்ணால் பார்க்கும். தாங்கும் எல்லையைக் கடந்து உடைந்துபோன குழந்தைக்கோ அந்நேரத்தில் எதைக் கொடுத்தாலும் பயனில்லை, யார் பார்க்கிறார்கள் என்பதும் தெரியாது. அப்போது செய்யத்தக்கது பேச்சைக் குறைப்பது, விளக்கை அணைப்பது, கூட்டத்தை விலக்குவது, அடிபடாமல் காப்பது, காத்திருப்பது. "ரெண்டு போடு, சரியாயிடும்" என்று சொல்லும் மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். அடித்தால் அழுகை சில வேளை நிற்கவும் செய்யும், ஆனால் நின்றது அச்சத்தால்தானே ஒழிய அமைதியால் அன்று என்பதை அந்த மாமாவுக்குப் புரிய வைப்பது பல தாய்மாருக்குப் பயிற்சி மையத்தில் கற்பதைவிடக் கடினமாக இருக்கிறது.

சுவரில் ஒட்டிய நாள்

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் வளர்த்தெடுத்து, 1972இல் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக நிறுவப்பட்ட டீச் முறை, ஆட்டிசம் உள்ளவருக்குச் செவிவழிக் கட்டளையைவிடக் கண்வழி அறிவிப்பு நிலையானது என்ற எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது. சொன்ன சொல் காற்றில் கரைந்துவிடும்; சுவரில் ஒட்டிய படம் மறுபடி பார்க்க நிற்கும். எழுந்ததிலிருந்து உறங்கும்வரை நடப்பவற்றைப் படங்களாக வரிசைப்படுத்தி, முடிந்ததைக் கழற்றி ஒரு பையில் போடும் பட அட்டவணை இம்முறையின் முக்கியக் கருவி. இதை அயல்நாட்டு ஏற்பாடென்று தயங்கும் வீடுகள், தம் கூடத்தில் நாள்தோறும் ஒரு தாளைக் கிழித்து, இராகு காலமும் எமகண்டமும் பார்த்து, எதை எப்போது தொடங்கலாம் எனத் தீர்மானிக்கும் நாள்காட்டியை ஒருகணம் பார்க்கலாம். பெரியவர்களுக்கு அத்தனை முன்னறிவிப்பு தேவைப்படும் நாட்டில் ஒரு குழந்தை பத்துப் படங்களைக் கேட்பதில் வியப்பில்லை.

அட்டவணை செய்வதில் வீடுகள் வழக்கமாகத் தவறும் இடம், மாற்றத்துக்கு அதில் இடம் வைக்காமல் விடுவதாகும். எந்நாளும் ஒரே வரிசை என்று பழக்கிய பிறகு வேன் வராத நாளில் முழு வீடும் சரிந்துவிடும். ஆகவே "இன்று மாறுகிறது" என்பதைக் காட்டும் ஒரு தனி அட்டையைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து, முதலில் இனிய மாற்றங்களுக்கு அதைப் பயன்படுத்திப் பழக்க வேண்டும்: தோசைக்குப் பதில் பூரி, பாடத்துக்குப் பதில் கடற்கரை. மின்வாரியம் பராமரிப்புக்காக முன்கூட்டி அறிவிக்கும் மின்தடையைக்கூட நாளிதழில் பார்த்து அந்த நாளுக்குரிய இடத்தில் ஒட்டலாம். தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே பட்டாசு வெடிக்க 2018 முதல் அரசு அனுமதித்து வருகிறது. ஊர் அதைக் கடைப்பிடித்தால் ஒலி தாங்காத குழந்தைக்கு அந்த இரண்டு மணி நேரத்தையும் படத்தில் காட்டி, காதுக்கு ஒலித்தடுப்பானை மாட்டி, கதவு சாத்திய அறையில் இருத்தி எளிதாகக் கடத்திவிடலாம். கடைப்பிடிக்காத ஊர்களில் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே வேறிடம் போய்விடும் குடும்பங்களும் இருக்கின்றன.

திருமண மண்டபத்தில் நாதசுரமும் தவிலும் தொடர்ந்து ஒலிப்பதைத் தாங்கும் குழந்தைகூடத் திடீரென எழும் கெட்டிமேளத்தில் உடைந்துவிடும். முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே அச்சிட்டிருப்பதால், அதற்குக் கால் மணி முன்னரே வெளியே அழைத்துப்போய்விட்டு அட்சதை விழுந்தபின் திரும்புவது எவருக்கும் அவமரியாதை ஆகாது. தொடுகையே பொறாத குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் நடத்தியே தீர வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. நேர்ந்துகொண்டதை ஒத்திவைக்கவும், ஒரு கொத்து முடியோடு நிறுத்தவும் குலதெய்வம் இடம் கொடுக்கும், பங்காளிகள்தாம் கொடுப்பதில்லை.

தனியறை இல்லாத வீடுகள் பல. அங்கே அமைதி மூலை என்பது பீரோவுக்குப் பின்னால் ஒரு பாயும் போர்வையுமாகவோ, மாலையில் மொட்டைமாடியாகவோ இருக்கலாம். அதற்கும் வழியில்லாத ஒற்றையறை வீட்டில் இடத்தைப் பிரிப்பதற்குப் பதில் நேரத்தைப் பிரிக்கலாம். ஓடியாடித் தீர வேண்டிய பிள்ளை தெருவில் விளையாடும் ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை தொலைக்காட்சியும் அணைந்து, ஆரவாரம் தாங்காத பிள்ளைக்கு அறை முழுவதும் கிடைப்பது அப்படிப்பட்ட ஏற்பாடு.

உணவைப் பற்றி ஒன்றைச் சொன்னால் போதும். ஐந்தாறு பண்டங்களை மட்டுமே உண்ணும் குழந்தையின் இட்லிக்குள் கீரையை மறைத்து வைத்தால், கீரை உள்ளே போவதைவிட இட்லி வெளியே போய்விடும் வாய்ப்பே அதிகம். ஏற்றுக்கொண்ட உணவைத் தொடாமல், புதியதைத் தனித்தட்டில், தொடவேண்டும் என்ற கட்டாயமில்லாமல் பலநாள் அருகில் வைப்பதே பயன்தரும். இரும்புச்சத்தை மருத்துவரிடம் அளந்து பார்ப்பதும் நல்லது. உறக்கச் சிக்கல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் பாதிப்பேருக்கு மேல் இருக்கிறது. தந்தை இரவு பத்துக்கு வந்து விளக்கைப் போட்டுக் கொஞ்சும் வீட்டில் குழந்தை ஒன்பதுக்குத் தூங்காததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வீட்டு மொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரை இவற்றினும் கேடானது. பள்ளி ஆங்கிலத்தில் நடப்பதால் குழப்பம் வேண்டாம், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று சில மையங்களில் பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, அப்பத்தாவுக்கும் தாத்தாவுக்கும் தெரியாத மொழியில் வளர்க்கப்படும் குழந்தைக்கு வீட்டில் பேசக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை பாதியாகிவிடுகிறது. பேச்சு வராத குழந்தைக்குப் படங்களைத் தொட்டால் ஒலிக்கும் கருவியைத் தந்தால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. சென்னையில் உருவாக்கப்பட்ட ஆவாஸ் செயலி அத்தகையது, தமிழிலும் இயங்குகிறது. பசிக்கிறது என்பதையும் வேண்டாம் என்பதையும் சொல்ல ஒரு வழி கிடைத்த வீட்டில் உடைவுகள் குறைவதைப் பெற்றோரே காண்கிறார்கள். "வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்தியும் வேண்டாததே நடந்தால் கருவி மூலையில் கிடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தாங்கி நிற்பவர்

மேலே சொன்ன ஒவ்வோர் ஏற்பாட்டையும் யார் நினைவில் வைத்திருக்கிறார் என்று கேட்டால், விடை பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே வருகிறது. எந்த டம்ளரில் பால் தர வேண்டும், எந்தச் சொல்லைச் சொன்னால் சிணுங்கல் தொடங்கும், மாத்திரை தீர எத்தனை நாள் இருக்கிறது, எந்த ஆசிரியரிடம் எதைச் சொல்லி வைத்திருக்கிறது என்ற நூற்றுக்கணக்கான செய்திகள் அவள் தலைக்குள் இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் வரும்போது, குழந்தையின் நிலை திடீரென மோசமாகிவிட்டதாக வீட்டார் கலங்குகிறார்கள். மோசமானது குழந்தையன்று, அட்டவணையைத் தாங்கிய ஒரே இடம் காணாமற்போனதுதான்.

அந்தத் தாய்க்கே ஏ.டி.எச்.டி. இருக்கும் வீடுகளை இங்கே தனியாகக் கருத வேண்டும். ஓடாமல், சத்தம் போடாமல், கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளின் கவனச் சிதறல் வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தராததால் கண்டறியப்படாமல் போகிறது. முப்பத்தைந்து வயதில், மகனுக்காக மருத்துவர் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கையில்தான் அவை தன்னைப் பற்றியவை என்று அவளுக்குத் தெரியவருகிறது. செயலாட்சித் திறன் தளர்ந்த ஒருவரிடம், அதே திறன் தளர்ந்த இன்னொருவருக்கு வெளியிலிருந்து அத்திறனை வழங்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருப்பது கொடிய முரண், "கொஞ்சம் ஒழுங்கா இருந்தா என்ன?" என்ற மாமியாரின் கேள்வி அதன்மேல் விழுகிறது. அவளுக்குத் தேவைப்படுவது கூடுதல் உறுதிமொழி அன்று, நினைவைத் தலையிலிருந்து இறக்கிப் பொருள்களிடம் ஒப்படைப்பதாகும். ஞாயிறன்றே ஐந்து நாள் சீருடையையும் உள்ளாடை, காலுறையோடு ஐந்து மாட்டிகளில் தொங்கவிடுவது. வாசல் நிலையருகே ஆணி ஒன்றை அடித்துச் சாவிக்கு வேறிடமே இல்லையென்று ஆக்குவது. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை எனக் கிழமைக்கு ஒன்றை நிலைப்படுத்தி, தினமும் என்ன செய்வதென்ற தீர்மானத்தை ஒழிப்பது. சலிப்பான வேலையைச் செய்யும்போது ஒருவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனப் பலவும் இதில் அடங்கும். மகனுக்காகச் சுவரில் ஒட்டிய பட அட்டவணை தாய்க்கே அதிகம் பயன்படுவதாகக் காணும் வீடுகளில் அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோரைக் கொண்டே குழந்தைக்கு உதவ முடியும் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. பிரிட்டனில் உருவான ஒரு முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2016இல் வெளியாயின. வல்லுநர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி தந்தனர். பெற்றோர் தம் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அவர்களையே பார்க்கச் செய்து, குழந்தை காட்டும் சிறு குறிப்புக்குத் தாம் எங்கே செவிசாய்த்தோம், எங்கே தவறவிட்டோம் என்று கண்டுகொள்ள உதவினர். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இணைந்து பதிலளிப்பது கூடியது, குழந்தை தானாகத் தொடர்பு கொள்ளத் தொடங்குவதும் கூடியது. ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளாத அளவுக்கு மற்றவர்களும் அவரைப் புரிந்துகொள்வதில்லை என்று, தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த இருவழிப் புரிதல் சிக்கல் என்ற கருத்தோடும் இது பொருந்துகிறது. எனினும் இத்தகைய முறைகளில் "பெற்றோர்" என்ற சொல் நடைமுறையில் தாயென்றே ஆகிவிடும் ஆபத்து உண்டு. அப்போது அவள் சுமையில் இன்னொரு பயிற்சிதான் ஏறும்.

நம்பிக்கையை விற்பவர்களிடம் முதலில் சிக்குவதும் களைத்துப்போன இந்தப் பெற்றோரே. கோதுமைப் புரதத்தையும் பாலையும் நீக்கும் உணவுமுறையால் ஆட்டிசம் மாறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு செய்யப்படும் ஸ்டெம்செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாதென்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022இலேயே கூறிவிட்டது. நிலத்தை அடகு வைத்து அந்த ஊசியைப் போடுவதைக் காட்டிலும், அந்தப் பணத்தில் ஒரு துணையாளை வேலைக்கு வைத்துத் தாயை நாளுக்கு இரண்டு மணி நேரம் விடுவிப்பது குழந்தைக்குச் செய்யும் மேலான சிகிச்சை.

சட்டத்தின் கை ஓரளவு நீள்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளன, ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை என்பதால், அது மட்டும் உள்ள பிள்ளைக்குத் தேர்வுச் சலுகையோ சான்றிதழோ பெறுவது கடினமாக இருக்கிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீத அளவு கட்டாயம். மாவட்டங்களில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனமும் குறைந்த செலவில் மதிப்பீடு பெறக்கூடிய இடங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்டிசம் உள்ளவருக்கு ஒரு லட்ச ரூபாய் வரையிலான நிரமயா மருத்துவக் காப்பீடும், 18 வயதுக்குப் பின் மாவட்ட அளவிலான குழு வழியாகச் சட்டப்படியான பாதுகாவலரும் கிடைக்கும். மாற்றுத்திறன் குழந்தையின் தாயான அரசு ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது, பெண்கள் பணியில் சமமாகப் பங்கேற்பதை உறுதிசெய்யும் அரசின் கடமைக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கூறியது. மத்திய அரசு ஊழியருக்கு அவ்விடுப்பு 730 நாள்வரை உண்டு. தையற்கூடத்திலும் கடையிலும் வேலை பார்க்கும் தாய்க்கு ஒரு நாளும் இல்லை.

"நமக்குப் பிறகு யார்?" என்பது இத்தகைய குடும்பங்கள் இரவில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதற்கான விடையில் சட்டமும் சொத்தும் வகிக்கும் பங்குக்குக் குறையாத பங்கு, வேறொருவர் எடுத்து நடத்தும்படி அந்த நாள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதற்கும் உண்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: எழும் நேரம், உண்பது, உண்ணாதது, மாத்திரை, அஞ்சும் ஒலிகள், உடைவுக்கு முன் தெரியும் அடையாளங்கள், அமைதிப்படுத்துபவை, பிள்ளை தானே செய்யக்கூடியவை, இன்னும் கற்றுக்கொண்டிருப்பவை. தாய் சொல்லத் தந்தையே அதை எழுதுவது நல்லது, எழுதும்போதுதான் அவருக்குத் தெரியாதவை எத்தனை என்பது தெரியவரும். பின்னர் வாரத்தில் ஒரு மாலை, தாய் வீட்டில் இல்லாதபோது, அந்த நோட்டைப் பார்த்துத் தந்தையோ சித்தியோ தாத்தாவோ முழுப்பொறுப்பையும் ஏற்று நடத்திப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் சோறு குழையும், அழுகை நீளும், அலைபேசியில் தாயை அழைக்கக் கை துடிக்கும். அழைக்காதிருங்கள். இத்தகைய வீட்டுக்கு உறவினராக இருப்பவர்களும், அடுத்த முறை போகும்போது பழமும் அறிவுரையும் கொண்டுபோவதை விட்டு, வருவதை முன்பே சொல்லிவிட்டுப் போய், அந்த நோட்டைக் கேட்டு வாங்கி ஒரு மாலையை ஏற்றுக்கொள்ளுங்கள்.